நரிமேட்டை வெட்டிய மரீஸ்

மரீஸ் லபோர்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். கையைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். வாய் யாருக்குத்தான் இல்லை? எங்கள் ரொட்டிக்கடைக்காரனுக்கு இல்லாத வாயா? குளிர்காலம் தவறாமல் மூவாயிரம் திராட்சைக் கொடிகளைத் தனி ஆளாகக் கவாத்து செய்து முடித்த கை அது. அதுவும் முப்பத்தெட்டு குளிர்காலம்.

நான் அதே எஸ்டேட்டில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்கிறவன். பெயர் ரெமி. ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு இறைப்பது, அடியில் தங்கும் வண்டலைக் கழுவுவது, ஆவியாகிக் குறைந்ததை வாராவாரம் நிரப்புவது என்று என் பிழைப்பு கூரைக்கு அடியில் ஓடுகிறது. மரீஸின் பிழைப்பு வெளியே, சேற்றில். இந்த ஒரு வித்தியாசத்தைக் குத்திக்காட்டாமல் இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் என் வாசலைத் தாண்டிப் போனதில்லை.

“என்ன ரெமி, உள்ள கதகதப்பா இருக்கா? தலகாணி ஏதாச்சும் கொண்டாந்து தரவா?”

“நீ முதல்ல பூட்ஸைக் கழட்டு. இப்பதான் தரையைக் கழுவியிருக்கேன்.”

“பாரு, பாரு. துரைக்குத் தரை பளபளன்னு இருக்கணுமாம்.”

எஸ்டேட் பெர்த்ரானின் குடும்பச் சொத்து. தாத்தா நட்டது, அப்பா பெருக்கியது, இவர் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது. விற்பனையை அவர் மனைவி கரீன் பார்க்கிறார். அவர்கள் குடியிருப்பதைப் பெரிய வீடு என்போம், அரண்மனையை நினைக்க வேண்டாம். மழை வந்தால் மாடியில் மூன்று வாளி வைக்க வேண்டும். பாட்டில் லேபிளில் இருக்கும் படத்தில் மட்டும்தான் அந்தக் கூரை ஒழுகாது. பத்து ஹெக்டேர், ஏழு துண்டு, எல்லாம் சிவப்பு ஒயினுக்கான திராட்சை. அந்த ஏழில் மேற்குக் கடைசியில் இருப்பது நரிமேடு. சின்னத் துண்டு, வயசான கொடி, களிமண். மரீஸின் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் முதல் வரிசை கைக்கு எட்டும்.

பதினேழு வயதில் அறுவடைக்கு வந்தவள், அறுவடை முடிந்தும் போகவில்லை. அப்போதெல்லாம் கொடியின் பழைய கழிகளைக் குறைக்கிற கவாத்துக் கத்தரியைப் பெண்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆண்கள் வெட்டுவார்கள். வெட்டிப் போட்ட கழிகளை இழுத்து எறிவதும், மிச்சம் விட்ட கழியை வளைத்துக் கம்பியில் கட்டுவதும் பெண்கள் வேலை. மரீஸ் ஐந்து வருஷம் கழி இழுத்தாள். ஆறாவது வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், நரிமேட்டை வெட்டுகிற ஆள் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பெர்த்ரானின் அப்பா ஆள் தேடி ஊரெல்லாம் அலைந்துவிட்டு வந்து பார்த்தால், மரீஸ் அவன் கத்தரியை எடுத்து முதல் இரண்டு வரிசையை முடித்துவிட்டிருந்தாள்.

“யார் வெட்டச் சொன்னது?” என்றாராம் அவர்.

“யாரும் சொல்லல. தப்பா இருந்தா ஒட்ட வெச்சுக்கோங்க” என்றாளாம் இவள்.

கிழவர் ஒவ்வொரு கொடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசி வரை போய்த் திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போனார். அன்றிலிருந்து நரிமேடு அவளுடையது. பத்திரத்தில் இல்லை. ஆனால் எங்களில் ஒருவரும் அங்கே கத்தரியோடு போனதில்லை. ஆண்கள் சும்மா விட்டார்களா? மதியம் கழிகளைக் கொளுத்தி இறைச்சி சுடும்போது, “மரீஸ், வெட்டினது போதும், வெங்காயத்தை நறுக்கு” என்று ஆரம்பிப்பார்கள். “இன்னிக்கு எத்தனை கொடி முடிச்சே?” என்று திருப்பிக் கேட்பாள். முந்நூறு என்பான் ஒருவன். “நான் ஐந்நூறு. இந்தா கத்தி, வெங்காயத்தை நீயே நறுக்கு.” அப்புறம் யார் பேசுவார்கள்!

கல்யாணம் செய்துகொண்டாள். அந்த மனுஷன் ஒரு லாரிக் கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருந்தான், பிறகு ஸ்பெயின் பக்கம் போனான், பிறகு திரும்பி வரவே இல்லை. “போனவன் கதவைச் சாத்திட்டுப் போயிருக்கலாம், குளிர் உள்ள வருது” என்று ஒரு தடவை சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்டது அவ்வளவுதான். பிள்ளை இல்லை. அக்கா ஒருத்தி பொர்தோ நகரத்தில் இருக்கிறாள். ஈஸ்டருக்கு வருவாள், இரண்டு நாளில் சண்டை போட்டுக்கொண்டு போவாள்.

கவாத்து என்றால் என்ன பெரிய வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு ஜனவரி மாதம் எங்களோடு நிற்க வேண்டும். ஒவ்வொரு கொடிக்கும் முன்னால் இடுப்பை மடக்கிக் குனிய வேண்டும். போன வருஷத்துக் கழிகளில் எதை விடுவது, எதைக் கழிப்பது என்று ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டும். கழிக்க வேண்டியது கட்டைவிரல் கனத்தில் இருந்தாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். மொட்டை எண்ணி விட வேண்டும். அதிகம் விட்டால் குலை அதிகம் காய்க்கும், பழம் நீர்த்துப்போகும், ஒயினில் ஒன்றும் இருக்காது. இதைச் செய்துவிட்டு அடுத்த கொடிக்கு நகர வேண்டும். இப்படி மூவாயிரம் தடவை. அது நரிமேடு மட்டும். அதை முடித்தால் மற்ற துண்டுகளில் மற்றவர்களோடு சேர்ந்து மார்ச் வரை.

வலது மணிக்கட்டுக்கு நாற்பத்தாறு வயதில் ஆபரேஷன் நடந்தது. இடதுக்கு ஐம்பதில். பிறகு தோள். முதுகில் மாட்டுகிற பேட்டரிக் கத்தரி வந்தபோது, “பொம்மை” என்று சொல்லித் தள்ளினாள். இரண்டு வருஷம் கழித்துச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள். ஆனால் பழைய கொடிகளின் கனத்த கழிகளுக்கு அந்தப் பொம்மை போதாது. அங்கே கைரம்பம்தான் வேண்டும். ரம்பத்தைப் பிடிக்கக் கட்டைவிரல் வேண்டும். அவள் கட்டைவிரல் எப்போது மரத்துப்போனது என்று எனக்குத் தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை, என் வாசலில் வந்து நின்றாள். கிண்டல் இல்லை, ஒன்றும் இல்லை.

“இந்தப் பித்தானைப் போடு.”

கோட்டின் மேல் பித்தான் திறந்திருந்தது. போட்டுவிட்டேன்.

“மத்ததையும் போடு. பல்லைக் காட்டினே, கொன்னுருவேன்.”

“நான் எங்க பல்லைக் காட்டினேன்?”

“மனசுக்குள்ள காட்டினே.”

நான் சிரிக்கவில்லை. கடைசிப் பித்தான்வரை போட்டுவிட்டேன்.

அந்த வருஷத்திலிருந்துதான் நரிமேட்டு ஒயின் இளைக்க ஆரம்பித்தது. நிறம் வந்தது, மணம்கூட வந்தது, நாக்கில் வைத்தால் நிற்கவில்லை. எங்கள் எஸ்டேட்டில் இரண்டு ஒயின். வீட்டின் பெயரைப் போட்டு விற்பது முதல் ஒயின். அதில் சேர லாயக்கில்லாதது இன்னொரு பெயரில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகும். எந்தத் துண்டு எதில் சேரும் என்று பிப்ரவரியில் ஒரு நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ருசி பார்த்து முடிவு செய்வோம். கோப்பைக்குக் கீழே எண் மட்டும் இருக்கும், எந்தத் துண்டு என்று யாருக்கும் தெரியாது. முதல் ஒயினுக்கு ஆகும் என்றால் கோப்பையை முன்னால் தள்ள வேண்டும், ஆகாது என்றால் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். பெர்த்ரானின் அப்பா ஏற்படுத்திய முறை இது. வெட்டுகிறவளும் மேசையில் உட்கார வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். கூடவே இன்னொரு சட்டமும் வைத்துவிட்டுச் செத்தார் மனுஷன். எந்தத் துண்டு அடுத்தடுத்து மூன்று வருஷம் பின்னால் தள்ளப்படுகிறதோ, அந்தத் துண்டுக் கொடிகளை வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

நரிமேடு இரண்டு வருஷம் தொடர்ந்து பின்னால் போயிருந்தது. போன பிப்ரவரியில் நடக்க இருந்தது மூன்றாவது தேர்வு.

எல்லோரும் கொடிக்கு வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பிப்ரவரிக்கு முந்தைய வசந்தத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்த அன்றுவரை. அதைப் பார்க்க நரிமேட்டுக்குக் குறுக்கே நடந்தபோது சும்மா இரண்டு கொடியைக் கவனித்தேன். பிறகு பத்து. பிறகு ஒரு வரிசை முழுக்க நடந்து பார்த்தேன். ஒரு கழி விட வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது. எட்டு மொட்டு இருக்க வேண்டிய கொடியில் பதினாறு, பதினேழு. கனத்த கழி எதையும் அவள் தொடவே இல்லை. சுற்றியிருந்த மெல்லிய கழிகளை மட்டும் அழகாக நறுக்கியிருந்தாள். கம்பியில் கட்டியிருந்ததும் நேர்த்தியாக இருந்தது. பாதையில் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது.

கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கைதான் முடிந்துபோயிருந்தது.

அவளிடம் கேட்டேனா? இல்லை. பெர்த்ரானிடம் சொன்னேனா? அதுவும் இல்லை. எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, அதிகப்படிக் குலைகளைக் கிள்ளிப் போட்டுக் கொஞ்சம் பாரத்தைக் குறைக்கலாம் என்று நரிமேட்டில் இறங்கினேன். இரண்டு வரிசை முடிவதற்குள் என் இடுப்பு போய்விட்டது. திங்கட்கிழமை நான் நடந்த நடையைப் பார்த்து, “என்ன, துரை ஞாயித்துக்கிழமை டான்ஸ் ஆடப் போனீங்களோ?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மூன்றாவது பிப்ரவரி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. அவளும் மெலிந்துகொண்டே வந்தாள். காலையில் என் வாசலைத் தாண்டும்போது கிண்டல் வரும், ஆனால் வாயிலிருந்து மட்டும்தான் வரும். நரிமேட்டைப் பிடுங்கினால் இவள் என்ன ஆவாள்? ஜன்னலைத் திறந்தால் வெறும் மண். நான் பெரிய அறிவாளி இல்லை. எனக்குத் தெரிந்தது பீப்பாய் ஒன்றுதான். ஆகவே பீப்பாயில் கையை வைத்தேன்.

நரிமேட்டு ஒயின் பதினோரு பீப்பாய். தேவாலயத்தை ஒட்டிய துண்டின் ஒயின் முப்பது. அதுதான் எங்கள் எஸ்டேட்டின் முதுகெலும்பு, ஒருநாளும் பின்னால் போனதில்லை. எது எந்தத் துண்டு என்று பீப்பாயின் முகத்தில் சாக்பீஸால் எழுதியிருப்போம். ஜனவரியில் எல்லாவற்றையும் துண்டுவாரியாகத் தொட்டியில் ஒன்றாக இறைத்து, வண்டல் நீக்கி, மறுபடி பீப்பாயில் நிரப்புவது வழக்கம். அதற்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஈரத்துணியால் பத்துப் பீப்பாயின் எழுத்தைத் துடைத்தேன். ஐந்து தேவாலயத்தை நரிமேடு ஆக்கினேன். ஐந்து நரிமேட்டைத் தேவாலயம் ஆக்கினேன். மறுநாள் தொட்டியில் எல்லாம் கலந்துபோயிற்று. இனி கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. இருபத்தாறு வருஷத்தில் நான் செய்த ஒரே திருட்டுத்தனம். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ருசி பார்க்கும் நாள் பனிமூட்டம். மேசையில் ஏழு கோப்பை வரிசை, ஐந்து பேர். பெர்த்ரான், கரீன், டவுனிலிருந்து வந்த பரிசோதனைக்கூடத்துப் பெண்மணி, மரீஸ், நான். மரீஸ் தலையை வாரி, நல்ல ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தாள். இழவு வீட்டுக்கு வந்தவள்போல் இருந்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாயில் வைத்துக் கொப்பளித்து, வாளியில் துப்பி, எழுதிக்கொண்டே போனோம்.

நான்காம் எண் வந்தது. பெர்த்ரான் கோப்பையைச் சுழற்றினார், மோந்தார், குடித்தார். புருவம் ஏறியது. முன்னால் தள்ளினார். கரீனும் தள்ளினார். டவுன்காரப் பெண்மணி, “இது நல்லாயிருக்கே, நிக்குது” என்று சொல்லித் தள்ளினாள். வாயில் வைத்ததுமே என் கலவை என்று தெரிந்தது; நானும் தள்ளினேன். என் கோப்பை மேசையில் உரசிய சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது.

மரீஸ் ஒரு வாய் குடித்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். பிறகு கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்னாலும் தள்ளவில்லை, பின்னாலும் இழுக்கவில்லை.

“மரீஸ்?” என்றார் பெர்த்ரான்.

“நல்ல ஒயின்தான்” என்று சொல்லித் தள்ளினாள்.

ஏழும் முடிந்தது. பெர்த்ரான் எண்ணுக்கு எதிரே துண்டின் பெயரை வாசித்தார். நான்கு என்ற இடத்தில் நிறுத்தி, காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார்.

“நரிமேடு! மரீஸ், நரிமேடு!”

கரீன் எழுந்து வந்து மரீஸைக் கட்டிக்கொண்டார். “ரெண்டு மாசமா இவர் தூங்கல, தெரியுமா? உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு புலம்பிட்டே இருந்தார்.” பெர்த்ரான் கண்ணைத் துடைத்தார். மனுஷன் இளகின மனசுக்காரர், அதுதான் அவரிடம் வேலை செய்கிறதில் உள்ள கஷ்டமே. “கொடிக்கு வயசாச்சுன்னு நெனச்சேன். நீதான் அதை மறுபடி எழுப்பிட்டே. இன்னும் பத்து வருஷம் தாங்கும். நீயும் இருப்பே, அதுவும் இருக்கும்” என்றார்.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் மரீஸ் பேசினாள்.

“இது நரிமேடு இல்ல.”

“என்னம்மா சொல்றே? எண்ணைப் பாரு, நாலு.”

“எண்ணு என்னவோ இருக்கட்டும். இது என் கொடியில வந்ததில்ல. வர முடியாது.” கரீனின் கையை மெதுவாகத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். “மூணு வருஷமா நான் ஒழுங்கா வெட்டல, பெர்த்ரான். இந்தக் குளிர்காலத்தோட நாலு. கனத்த கழிக்கு என் கை மூடல. அப்படியே விட்டுட்டேன். கொடிக்கு ரெட்டைப் பாரம். அதுல இந்த மாதிரி ஒயின் எங்கேந்து வரும்?”

டவுன்காரப் பெண்மணி தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

பெர்த்ரான் என் பக்கம் திரும்பினார். “ரெமி?”

துணி, சாக்பீஸ், பத்துப் பீப்பாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது.

“தேவாலயத்துத் துண்டுல கலந்தியா? அந்த முப்பதுல? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இந்த வீட்டோட பேரே அந்த முப்பதுலதான்யா இருக்கு!”

“அஞ்சு பீப்பாய்தான்…”

“வாயை மூடு.”

மூடினேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி மரீஸிடம் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“முப்பத்தெட்டு வருஷத்துல நரிமேட்டுக் கவாத்தைப் பார்க்க நான் ஒரு தடவைகூடப் போனதில்ல, மரீஸ். நீ இருக்கியேன்னு.”

இதைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது. என்னைத் திட்டியதைப்போல அவளையும் நாலு திட்டு திட்டியிருக்கலாம். அவள் முகம் ஆடிப்போனது. அப்படி நான் பார்த்ததே இல்லை, புருஷன் போனபோதுகூட.

“தெரியும்” என்றாள். “அதனாலதான் சொல்ல முடியல. கொடி மேல தப்பில்ல. அதைப் பிடுங்காதீங்க. பிடுங்கணும்னா என்னைப் பிடுங்குங்க.”

“உன்னை யார் பிடுங்குறா? உள்ள வேலை பாரு. லேபிள் ஒட்டலாம், பெட்டி கட்டலாம்” என்றார் கரீன்.

“லேபிள் ஒட்டவும் விரல் வேணுமே, கரீன்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பித்தான் போடவில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முற்றத்தில் பிடித்து நிறுத்தினேன்.

“உனக்கென்ன பைத்தியமா? எல்லாம் முடிஞ்சுது, நரிமேடு தப்பிச்சுது, வாயை வெச்சுக்கிட்டு இருக்க முடியாதா உன்னால? உனக்காக நான் திருடனாயிருக்கேன்டீ!”

“உன்னை யாரு கேட்டா?”

“யாரும் கேக்கலதான். சொல்லிட்டுச் செய்யற காரியமா இது?”

“செஞ்சுட்டே. சரி. அடுத்த டிசம்பர்ல யாரு வெட்டறது? நீ வருவியா? இன்னும் பத்து வருஷம் நான் இருப்பேன்னு அவர் சந்தோஷமாச் சொல்றாரு. அதைக் கேட்டப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? மூவாயிரம் கொடி, ரெமி. ஒவ்வொண்ணுக்கு முன்னாலயும் குனிஞ்சு, இன்னிக்காச்சும் கை மூடாதான்னு பார்த்து, மூடாம, பொய்யா வெட்டிட்டு அடுத்ததுக்குப் போறது. நாலு வருஷமா மூவாயிரம் பொய். பிடுங்கிட்டாங்கன்னா அதுவாச்சும் முடியும்னு இருந்தேன். நீ வந்து காப்பாத்திட்டே.”

அவளுக்கு மூச்சு வாங்கியது.

“முடியலடா எனக்கு” என்றாள். “களைச்சுப் போயிட்டேன். அவ்வளவுதான்.”

சேற்றில் மெதுவாக நடந்து போனாள்.

பெர்த்ரான் என்னை அனுப்பிவிடவில்லை. ஒரு மாதம் பேசவில்லை, அது அனுப்புவதைவிட மோசம். முப்பது பீப்பாய்த் தேவாலயம் முதல் ஒயினில் சேர்ந்தது. ஆனால் போன வருஷத்தைவிட மெல்லிசு என்று வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லும்போது பெர்த்ரான் என்னைப் பார்ப்பார். நரிமேட்டைப் பிடுங்கவில்லை. மொட்டு வெடிப்பதற்குள் ஒழுங்காக வெட்டிவிட வேண்டும் என்று, மார்ச் முதல் வாரத்தில் குத்தகைக் கவாத்துக்காரர்களை வரவழைத்தார். ஒரு வெள்ளை வேனில் எட்டுப் பேர் வந்தார்கள். காலை எட்டு மணிக்கு இறங்கியவர்கள், ஆளுக்கு ஒரு வரிசை பிடித்துப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு என் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரீஸ் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் ஜன்னலின் மரக்கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூண்டு சூப் சூடாக்கினாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி தட்டில் கொஞ்சம் சூப் மிச்சம் வைத்து அதில் ஒயினை ஊற்றிக் கலக்கி, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக் குடித்தாள். வெளியே கத்தரிகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டுக் கத்தரி.

பொறுக்கமுடியாமல் நான்தான் ஆரம்பித்தேன்.

“வர்ற வழியில பார்த்தேன். கண்டமேனிக்கு வெட்டறானுங்க. அவசரம். ஒரு கொடிக்கு முன்னால அரை நிமிஷம் நிக்கமாட்டேங்கறானுங்க. இவனுங்களைக் கூப்பிட்டதுக்கு பெர்த்ரான் அனுபவிப்பாரு.”

“பார்த்தியா?”

“பார்த்தேன்னு சொல்றேனே.”

“எந்த வரிசை?”

“எந்த வரிசைன்னா… நடுவுல. எல்லாமே அப்படித்தான்.”

தட்டைக் கீழே வைத்தாள்.

“பத்து மணிக்குக் காபி குடிக்க வேனுக்குப் போனாங்கல்ல, அப்ப நான் போய்ப் பார்த்தேன். ஒண்ணு விடாம அஞ்சு வரிசை பார்த்தேன். ஏதாச்சும் ஒரு கொடி தப்பா இருக்காதான்னு தேடித் தேடிப் பார்த்தேன், ரெமி.”

“சரி விடு.”

“கனத்த கழியையெல்லாம் எடுத்துட்டாங்க. எட்டு மொட்டு. நானா இருந்தா எதை விட்டிருப்பேனோ அதையே விட்டிருக்காங்க.” உதடு துடித்தது. “நல்லா வெட்டியிருக்காங்கடா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவாங்க.”

தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மரீஸ் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.